எரிகோ முதல் துரா யூரோப்போஸ் வரை: வேதாகமத் தொல்லியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுநாள் பள்ளியில் கதை கேட்டு வளர்ந்தவர்களும், வேதாகமத்தைப் பழைய இலக்கியமாக மட்டும் வாசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆட்பெயர், ஊர்ப்பெயர், வசன எண் எல்லாம் பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி.

தொல்லியல் வேதாகமத்தை நிரூபித்துவிட்டதா, இல்லை பொய் என்று காட்டிவிட்டதா?

இப்படி மொத்தமாகக் கேட்டால் பதிலே கிடைக்காது. பல நூற்றாண்டுகளில் பல பேர் எழுதிய நூல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு அது. அரசர்களின் வரலாறு, சட்டம், புலம்பல், காதல் பாட்டு, கடிதம் எல்லாம் அதில் இருக்கிறது. உன்னதப்பாட்டை எந்தக் கடப்பாரையால் தோண்டி நிரூபிப்பது? "கி.மு. 701-ல் யூதாவின் லாகீஸ் நகரில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள், மண் பதில் சொல்லும், அதுவும் விரிவாகவே சொல்லும். கிடைத்த பொருள் தான் கிடந்த மண்ணடுக்கின் காலத்தைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். அதைத் தாண்டி அதன் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

தாவீது ராஜா உண்மையில் வாழ்ந்தவரா?

1993 வரை வேதாகமத்துக்கு வெளியே, அக்காலக் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் கிடைத்ததில்லை. அந்த ஆண்டு வட இஸ்ரேலில் தாண் நகர மேட்டில் அவ்ராம் பிரான் தலைமையில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. பிற்காலச் சுவர் ஒன்றில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டப்பட்டிருந்த துண்டில் எழுத்து இருப்பதை நில அளவையாளர் கீலா குக் கவனித்தார். மறு ஆண்டு வேறு துண்டுகளும் கிடைத்தன. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அரமேய மொழிக் கல்வெட்டு அது. சீரியாவின் அரசன் ஒருவன், அநேகமாக ஆசகேல், இஸ்ரவேல் ராஜாவையும் "தாவீதின் வீட்டு" ராஜாவையும் கொன்றதாகப் பெருமையடிக்கிறான். (அப்போது நாடு வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டாகப் பிரிந்திருந்தது.) தாவீது காலத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள், யூதாவின் அரச வம்சத்தைப் பகைவர்களே அவர் பெயரால் அழைத்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

கோலியாத்தைக் கொன்றதற்கோ, பரந்த பேரரசு ஆண்டதற்கோ இது சான்றாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த இரு ராஜாக்களும் யோராம், அகசியா என்றே பலரும் கொள்கிறார்கள். அவர்களைக் கொன்றவன் இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ என்கிறது 2 இராஜாக்கள் 9. ஆக, தாவீதின் பெயரைக் கொடுத்த கல்லே வேறொரு அதிகாரத்தோடு மல்லுக்கு நிற்கிறது.

எரிகோவின் மதில் விழுந்தது கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்கிறார்களே?

1930-களில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங் அப்படித்தான் அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கே மறுபடி தோண்டிய காத்லீன் கென்யன், மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, கார்ஸ்டாங் காட்டிய மதில்கள், மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவாவின் காலத்துக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முந்தையவை என்று கண்டார். அதன்பின் எழுந்த நகரமும் கி.மு. 1550 வாக்கில் அழிந்துபோனது. யோசுவா வந்ததாகச் சொல்லப்படும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் எதுவும் இல்லை. ஆயி பட்டணம் என்று கருதப்படும் மேட்டிலும் இதே கதைதான். அது அப்போது ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பாழாய்க் கிடந்தது. கென்யன் முடிவை மறுத்து எழுதுபவர்கள் இன்றும் உண்டு, ஆனால் துறையில் பெரும்பான்மை அவர் பக்கமே.

எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததற்குச் சான்று?

நேரடியாக எதுவும் இல்லை. லட்சக்கணக்கானோர் நாற்பது ஆண்டு சீனாயில் தங்கியதற்கான தடயமும் இல்லை. எகிப்தில் கானானியர் குடியிருப்புகள் இருந்தன என்பது உறுதி. கி.மு. 1208 வாக்கில் பார்வோன் மெர்னெப்தா வெட்டுவித்த வெற்றிக் கல்வெட்டு, கானானில் "இஸ்ரவேல்" என்ற மக்களை முறியடித்ததாகச் சொல்கிறது. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1896-ல் கண்டெடுத்த அந்தக் கல்தான் இஸ்ரவேல் என்ற பெயர் வரும் மிகப் பழைய ஆவணம். பெயர் முதன்முதலில் தலைகாட்டும்போதே "அழிந்தொழிந்தது" என்று சொல்லப்பட்டிருப்பதைப் பார்த்தால், அரசர்களின் அறிவிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்று புரியும்.

வேதாகமமும் வெளி ஆவணமும் ஒரே சம்பவத்தைச் சொல்லும் இடம் ஏதாவது உண்டா?

உண்டு. புதிதாகப் படிக்க வருபவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். கி.மு. 701-ல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தான். அதற்கு நான்கு சாட்சிகள் இருக்கின்றன: வேதாகமம், சனகெரிப்பின் களிமண் பட்டயம், நினிவே அரண்மனைச் சுவரில் அவன் செதுக்குவித்த சிற்பங்கள், லாகீஸ் மேட்டின் மண்.

யூதாவின் ராஜா எசேக்கியா பணிந்து 300 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தான் என்கிறது 2 இராஜாக்கள் 18:14. அசீரியப் பட்டயத்திலும் பொன் அதே 30 தாலந்து. வெள்ளி மட்டும் 800. கொடுத்தவன் குறைத்துச் சொன்னானா, வாங்கியவன் கூட்டிச் சொன்னானா, எடைக்கணக்கே வேறா என்று இன்னும் வாதாடுகிறார்கள். 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் சனகெரிப் பெருமை பேசுகிறான். ஆனால் எருசலேமைப் பிடித்ததாக அவன் சொல்லவே இல்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் அவன் அல்ல. வேதாகமமும் நகரம் தப்பியது என்றே சொல்கிறது. கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்பது அதன் விளக்கம்.

லாகீசோ தப்பவில்லை. வேதாகமத்தில் அந்த ஊர் இந்தக் கதையில் போகிற போக்கில் வருகிறது. நினிவேயில் அதற்கென்றே ஓர் அறை முழுக்கச் சிற்பம்: முற்றுகை மேடு, அதன்மேல் ஏறும் மதிலிடி இயந்திரங்கள், கழுவேற்றப்பட்டவர்கள், மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் சிறைபோகும் குடும்பங்கள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1970-களிலிருந்து லாகீசில் தோண்டிய டேவிட் உசிஷ்கின் குழு, சிற்பத்தில் உள்ள அதே முற்றுகை மேட்டையும், நூற்றுக்கணக்கான அம்புமுனைகளையும், கவண்கற்களையும், உள்ளேயிருந்து நகரத்தார் அவசரமாக எழுப்பிய எதிர்மேட்டையும் வெளிக்கொணர்ந்தது. எருசலேமில் எழுதியவர்களுக்குத் தங்கள் நகரம் தப்பியதே செய்தி. நினிவேயில் செதுக்கியவர்களுக்கு லாகீஸ் விழுந்ததே செய்தி. இரு தரப்பும் தமக்கு வேண்டியதைப் பெரிதாக்கியிருக்கிறது. யாரும் முழுப்பொய் சொல்லவில்லை.

ஒன்று கவனியுங்கள். 2 இராஜாக்கள் 19:36-ல் சனகெரிப் ஊர் திரும்புகிறான், 37-ல் சொந்த மகன்கள் கையால் கொலையாகிறான். வாசிக்கும்போது அடுத்த வாரமே நடந்த மாதிரி இருக்கும். இரண்டு வசனங்களுக்கும் இடையே இருபது ஆண்டுகள். அவன் கொல்லப்பட்டது கி.மு. 681-ல். பாபிலோனிய நாளேடும் மகன் கையால் செத்ததாகவே குறிக்கிறது.

ஒரு ராஜாவை வேதாகமம் ஆறே வசனத்தில் முடித்தால், அவர் சின்ன ஆளா?

இஸ்ரவேலின் ராஜா உம்ரியைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 16:23 முதல் 28 வரை அவர் ஆட்சி முடிந்துவிடுகிறது. சமாரியா மலையை வாங்கி நகரம் கட்டினார், பொல்லாதவராக இருந்தார், அவ்வளவுதான். அண்டை அயலார் கண்ணில் அவர் வேறு ஆள். 1868-ல் திபோனில் தென்பட்ட மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டு, உம்ரி தங்கள் நாட்டை நெடுங்காலம் ஒடுக்கியதாகப் புலம்புகிறது. அசீரியர் அவருக்குப் பிறகும் இஸ்ரவேலை "உம்ரியின் வீடு" என்றே எழுதினார்கள். உம்ரியின் வம்சத்தைப் பூண்டோடு அழித்த யெகூவையும்கூட "உம்ரியின் மகன்" என்று அசீரியத் தூணில் பொறித்துவைத்தார்கள்! இராஜாக்கள் புத்தகம் எழுதியவருக்கு ராஜாவின் படைபலம் பொருட்டல்ல, பலிபீடங்களை என்ன செய்தான் என்பதே அளவுகோல்.

இஸ்ரவேலர் தொடக்கம் முதலே ஒரே கடவுளை மட்டும் வணங்கினார்களா?

இல்லை என்று தீர்க்கதரிசிகளே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார்கள். மண்ணும் அதையே சொல்கிறது. சீனாய்ப் பாலைவனத்தில் குந்திலத் அஜ்ரூத் என்ற இடத்தில் கி.மு. 800 வாக்கிலான பெரிய ஜாடிகள் கிடைத்தன. "சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்" ஆசீர்வதிக்கட்டும் என்று ஒன்றில் எழுதியிருக்கிறது. யாவே என்பது இஸ்ரவேலர் கடவுளின் பெயர். அசேரா என்பது இங்கே தேவியா, வெறும் மரத்தூணா என்ற சர்ச்சை ஓயவில்லை.

இன்னும் சுவையானது எலிபன்டைன். நைல் நதித் தீவான அங்கே, பாரசீகர் ஆட்சியில், யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிய பாப்பிரஸ் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கின்றன. பலிசெலுத்தும் கோயில் ஒன்று அங்கே அவர்களுக்கு இருந்தது, எருசலேமைத் தவிர வேறெங்கும் பலியிடக் கூடாது என்ற உபாகமச் சட்டத்தைக் கேள்விப்படாதவர்கள் போல. கி.மு. 410-ல் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, மறுபடி கட்ட உதவுமாறு யூதாவின் ஆளுநருக்கும் சமாரியாவின் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் மனு எழுதினார்கள். எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவோடு மோதிய அதே சன்பல்லாத்துதான். எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு முன்பே எழுதியும் பதில் வரவில்லை என்ற குறையும் மனுவில் இருக்கிறது. இத்தனை தாள்களில் மோசேயின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. காணிக்கைப் பட்டியலிலோ யாகுவுடன் (யாவேயை அவர்கள் அழைத்த பெயர்) வேறு இரு தெய்வங்களின் பங்கும் எழுதியிருக்கிறது.

அப்படியானால் இன்று நாம் அறிந்த யூத ஆசாரங்கள் எப்போது பரவின?

இன்றைய ஆய்வில் மிகவும் சூடான கேள்வி இது. நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், எப்போது எழுதப்பட்டது என்பது ஒன்று, ஊர்ச்சனம் அதைக் கடைப்பிடித்தது எப்போது என்பது வேறு. இரண்டாவதற்குத் தொல்லியல் நேரடியாகப் பதில் தரும். செதிலும் சிறகும் இல்லாத மீன் ஆகாது என்கிறது லேவியராகமம் 11. ஆனால் அரசர் காலத்து எருசலேமின் குப்பைமேட்டில் கெளுத்தி முள்ளும் சுறாவின் எச்சமும் கிடைக்கின்றன. ரோமர் காலத்துக்கு வந்தால் அவை ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. தீட்டுக்கழிக்க மூழ்கும் படிக்கட்டுத் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கு முந்தையதாக உறுதியான ஒன்றும் இல்லை. இவற்றையெல்லாம் அடுக்கிவைத்து, பொதுமக்கள் பரவலாக நியாயப்பிரமாணப்படி வாழத் தொடங்கியது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த யூத அரச வம்சமான மக்கபேயர் காலத்தை ஒட்டித்தான் என்று தொல்லியலாளர் யோனதான் அட்லர் வாதிடுகிறார். தேதியை அவ்வளவு பிந்தித் தள்ள முடியாது என்று எதிர்ப்பும் இருக்கிறது. சான்று இல்லை என்பதை மட்டும் வைத்துத் தேதி குறிப்பது எனக்கும் சற்றுத் தயக்கமாகவே படுகிறது. ஆனால் அந்த மீன்முள்ளை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

சுவிசேஷம் வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு லாபம். கானாவூர்க் கலியாணத்தில் "ஆறு கற்சாடிகள்" இருந்தன என்கிறது யோவான் 2:6. ஏன் கல்? மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துத்தான் ஆகவேண்டும், கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது அக்கால யூதர் வழக்கம். முதல் நூற்றாண்டு யூத ஊர்களில் சுண்ணாம்புக்கல் பாத்திரம் கொட்டிக் கிடக்கிறது. 2017-ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னா என்ற ஊரில் அவற்றைக் கடைந்தெடுத்த பட்டறையே அகழப்பட்டது. கானாவின் அற்புதத்துக்கு அது சாட்சி சொல்லாது. கதை சொன்னவருக்கு அந்த ஊர்ப் பழக்கம் தெரிந்திருந்தது என்று காட்டும்.

சவக்கடல் சுருள்களால் வேதாகமம் எழுத்துப் பிசகாமல் வந்தது உறுதியாகிவிட்டதா?

பாதி சரி. 1946–47-ல் பெதுவின் இடையர்கள் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் முதல் சுருள்களைக் கண்டார்கள். அதுவரை கையிலிருந்த முழுமையான எபிரேயப் பிரதி கி.பி. 1008-ஆம் ஆண்டினது. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமான ஏசாயா சுருள் அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டிலும் சொற்களிலும் வேறுபாடு நிறைய உண்டு, ஆனாலும் நூல் அடிப்படையில் ஒன்றே.

மீதிப் பாதியைப் பிரசங்கங்களில் சொல்வதில்லை. அதே குகைகளில் எரேமியா இரண்டு வடிவங்களில் கிடைத்தது; ஒன்று நம்முடையது, மற்றது பழைய கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகும் குட்டை வடிவம். சாமுவேல் சுருள் ஒன்றில் கோலியாத்தின் உயரம் நான்கு முழமும் ஒரு ஜாணும், அதாவது சுமார் ஆறே முக்கால் அடி. நம் கையிலுள்ள வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு ஜாணும். ஒன்பதே முக்கால் அடி! கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஒரே நூலின் பல வடிவங்கள் அருகருகே புழங்கின, யாரும் அதற்காகப் பதறவில்லை.

அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்?

கிரேக்க-ரோம உலகில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இராது என்பது வரலாற்றாசிரியர் வில்லியம் ஹாரிஸ் போட்ட கணக்கு. ரோமர் கால யூதேயாவில் அதைவிடக் குறைவு என்பார் ஆய்வாளர் கேத்தரின் ஹெட்சர். இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு சான்று யூதாவின் தெற்கு எல்லையில் இருந்த ஆராத் கோட்டையிலிருந்து வருகிறது. கி.மு. 600 வாக்கில் அந்த எல்லைக் காவலில் மாவு, எண்ணெய், திராட்சரசம் வழங்கச் சொல்லி ஓட்டுச்சில்லுகளில் எழுதிய சீட்டுகள் அவை. டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு 18 சீட்டுகளின் கையெழுத்தை ஆராய்ந்து, குறைந்தது 12 பேர் எழுதியவை என்று 2020-ல் வெளியிட்டது. ஒரு சின்னக் கோட்டையில் அத்தனை பேர்! ஆனால் எண்ணெய்ச் சீட்டு எழுதத் தெரிந்தவர் ஏசாயாவை வாசிப்பார் என்று சொல்லிவிட முடியாது.

பேதுருவையும் யோவானையும் "படிப்பறியாதவர்கள்" என்கிறது அப்போஸ்தலர் 4:13. ரோமருக்கு எழுதின நிருபத்தைக் கையால் எழுதியவன் தெர்தியு. அவனே 16:22-ல் இடையில் புகுந்து வாழ்த்துச் சொல்கிறான். பெரும்பாலோருக்கு வேதம் காதால் கேட்பதாகவே இருந்தது. எருசலேமில் 1913-ல் கிடைத்த தெயோதோத்துவின் கிரேக்கக் கல்வெட்டு, தான் ஜெப ஆலயம் கட்டியது நியாயப்பிரமாணம் வாசிக்கவும் கற்பனைகளைப் போதிக்கவும் என்றே சொல்கிறது. பக்கத்திலேயே வெளியூர் யாத்திரீகருக்குத் தங்குமிடமும் தண்ணீர் வசதியும் செய்துவைத்ததாகவும் சேர்த்துக்கொள்கிறார்.

இயேசுவைப் பற்றித் தொல்பொருள் சான்று உண்டா?

அவரைத் தொட்டுச் சொல்லும் பொருள் எதுவும் இல்லை. ஒரு கலிலேயா கிராமத்துத் தச்சருக்கு அப்படி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எழுத்துச் சான்றாக யூத வரலாற்றாசிரியர் யோசேபுவும் ரோமர் தாசிட்டஸும் குறிப்பிடுகிறார்கள். யோசேபுவின் ஒரு பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது.

அவரைச் சுற்றியிருந்தவர்கள் கிடைக்கிறார்கள். இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை விதித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில், பழைய நாடக அரங்கின் படிக்கட்டில் ஒரு படியாகக் கிடைத்தது. 1990-ல் எருசலேமுக்குத் தெற்கே அகப்பட்ட எலும்புப் பேழை ஒன்றில் "யோசேப்பு, காய்பாவின் மகன்" என்றிருக்கிறது; இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியர் காய்பாவே என்று பலரும் ஏற்கிறார்கள், எல்லோரும் இல்லை. 1968-ல் கிடைத்த யெகோகனான் என்ற இளைஞனின் குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே குத்தியிருந்தது. ஆணியின் முனை மடங்கிப்போனதால் பிடுங்க முடியாமல் காலோடு புதைத்துவிட்டார்கள். சிலுவையில் செத்தவன் உடலைக் குடும்பம் வாங்கி அடக்கம் செய்வதும் நடந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒற்றை எலும்பு சாட்சி.

மிகப் பழைய சுவிசேஷத் தாள் எது?

மான்செஸ்டரில் இருக்கும், உள்ளங்கையளவு பாப்பிரஸ் துணுக்கு. யோவான் 18-ல் பிலாத்து விசாரிக்கும் சில வரிகள் அதில் இருக்கின்றன. கி.பி. 125 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கையெழுத்தை மட்டும் பார்த்து அவ்வளவு துல்லியமாகத் தேதியிட முடியாது என்று இப்போது இரண்டாம் நூற்றாண்டு முழுவதையும், அதற்குச் சற்றுப் பின்னும்கூட, திறந்து வைக்கிறார்கள்.

முதல் கிறிஸ்தவர்களின் ஆலயம் எப்படி இருந்தது?

வீடாக இருந்தது. சிரியாவின் துரா யூரோப்போசில் கி.பி. 240 வாக்கில் ஒரு வீட்டின் சுவரை இடித்து அறைகளைச் சேர்த்து, ஒரு மூலையில் ஞானஸ்நானத் தொட்டி அமைத்தார்கள். சுவரில் நல்ல மேய்ப்பர், திமிர்வாதக்காரன் படுக்கையைத் தூக்கிப்போவது, கடல்மேல் நடப்பது. அதே மதிலோரத் தெருவில் யூத ஜெப ஆலயமும் இருந்தது. அதன் சுவர்கள் முழுக்க மோசேயும் எசேக்கியேலின் எலும்புப் பள்ளத்தாக்குமாக வண்ண ஓவியம். யூதர் உருவம் தீட்டமாட்டார்கள் என்று நம்பியிருந்தவர்கள் 1932-ல் அதைக் கண்டு திகைத்துப்போனார்கள். பாரசீக முற்றுகைக்கு அஞ்சி ரோமர் மதிலைப் பலப்படுத்த அந்தக் கட்டடங்களை மண்ணால் நிரப்பினார்கள். 256 வாக்கில் நகரம் விழுந்தது, ஓவியங்கள் மண்ணுக்குள் பிழைத்தன.

எருசலேம் பயணத்தில் வழிகாட்டி "சரியாக இந்த இடம்தான்" என்கிறாரே?

இடத்துக்கு இடம் மாறும். இயேசுவை அடக்கம் செய்த இடமாகக் காட்டும் பரிசுத்த கல்லறை ஆலயத்துக்கு வலுவான வாதம் உண்டு: இயேசுவின் காலத்தில் அது மதிலுக்கு வெளியே இருந்தது, பக்கத்திலேயே அக்காலக் கல்லறைகள் உள்ளன, நான்காம் நூற்றாண்டிலிருந்து இடம் மாறவில்லை. அதற்குப் போட்டியாகக் காட்டும் அமைதியான தோட்டக் கல்லறை மனதுக்கு இதமானது, ஆனால் அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. இயேசு சிலுவை சுமந்து நடந்ததாகக் காட்டும் துயரப் பாதை இடைக்காலத்தில் வகுத்த வழி. கடைசி இராப்போசனம் நடந்த மேல்வீட்டறையாகக் காட்டுவது சிலுவைப்போர்க் காலக் கட்டடம்.

செங்கடலில் பார்வோனின் தேர்ச்சக்கரங்கள் கிடைத்தனவாமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிற இந்தக் கதையைக் கிளப்பியவர் ரான் வையட் என்ற அமெரிக்கர். அகழாய்வுப் பயிற்சி இல்லாதவர், ஆய்வாளர்கள் சோதிக்கத்தக்க பொருள் எதையும் ஒப்படைக்காதவர். நோவாவின் பேழை என்று அவர் காட்டிய படகு வடிவ மேடு துருக்கியில் இயற்கையாக உண்டான நில அமைப்பு.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே, யார் தோண்டி எடுத்தது என்று முதலில் கேளுங்கள். எரேமியா 36 ஒன்றை வைத்தே விளக்கலாம். அதில் வரும் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் பதித்த களிமண் முத்திரையை, 1982-ல் எருசலேமில் யிகேல் ஷிலோ முறையான அகழாய்வில் எடுத்தார். கி.மு. 586-ல் பாபிலோனியர் வைத்த தீயில் வெந்து இறுகியதால் அது தப்பியது. அதே அதிகாரத்தில் வரும், எரேமியாவின் எழுத்தர் பாரூக்கின் பெயருள்ள முத்திரை பழம்பொருள் சந்தையில் தலைகாட்டியது. முதலில் கொண்டாடினார்கள், இப்போது போலி என்ற கருத்தே மேலோங்கியிருக்கிறது. "இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று எழுதிய பேழையும் 2002-ல் சந்தை வழியாக வந்ததுதான். உரிமையாளர் 2012-ல் விடுதலையானார், ஆனால் அதனால் எழுத்து அசல் என்று ஆகிவிடாது என்று நீதிபதியே சொல்லிவிட்டார். வாஷிங்டனில் உள்ள வேதாகம அருங்காட்சியகம் தன்னிடமிருந்த சவக்கடல் துண்டுகள் 16-ம் போலி என்று 2020-ல் அறிவித்தது.

நானே மூலங்களைப் பார்க்க வழி உண்டா?

செலவில்லாமலே உண்டு. சவக்கடல் சுருள்களை இஸ்ரேல் தொல்லியல் ஆணையம் லியோன் லெவி மின்நூலகத்தில் மிக நுண்ணிய படங்களாக ஏற்றியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க வேதாகமக் கைப்பிரதியான சீனாய்ப் பிரதியும் இணையத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கிரேக்கம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அதன் ஓரங்களில் பிற்காலத் திருத்துநர்கள் சேர்த்ததும் அடித்ததும் வெறும் கண்ணுக்கே தெரியும். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், 16:8-ஓடு நூல் முடிந்திருக்கும்.